பாலிலே நீர் – டீசலிலே நீர்!

பாலில் நீர் கலப்பவனை ஊர் மன்னிப்பதில்லை. விடியற்காலையில் செம்பை ஏந்தி வாயிலில் நிற்கும் தாய், பால் நீர்த்துப் போயிருப்பதைக் கண்டதும் சீறுகிறாள்: "குழந்தை குடிக்கிற பாலப்பா, இதிலுமா?" என்று. அந்த ஒரு கேள்விக்குள்ளே ஓர் அறநூலே அடங்கிக் கிடக்கிறது. முழு விலையும் வாங்கிக்கொண்டு அளவைக் குறைப்பது களவு. கலந்ததைச் சொல்லாமல் கொடுப்பது பொய். குடிக்கப் போவது வாய் பேச அறியாத குழந்தை என்பதால் அது கொடுமையும் ஆகிறது. களவு, பொய், கொடுமை – மூன்று குற்றங்கள், ஒரு செம்புத் தண்ணீரிலே!

இனி வேறொரு காட்சியைக் காண்போம். டீசலில் நீர் கலக்கிறார்கள். இரவிலே, மறைவிலே அன்று, பட்டப்பகலில், பலரறிய! நூற்றுக்கு இருபது பங்கு வரை நீர். கலந்தவர் அதை மறைக்கவில்லை. "கலந்திருக்கிறோம்" என்று கூறியே விற்றார். அரசாங்கம் அவரைச் சிறையிலிடவில்லை. அளந்து பார்த்துச் சான்றிதழ் கொடுத்தது. நீர் கலந்த அந்த டீசல் எப்படி இருந்தது தெரியுமா? பால்போல வெளுத்திருந்தது! எண்ணெயும் நீரும் ஒன்றுக்குள் ஒன்று நுண்துளிகளாய் நிற்கும் கலவைக்குத் தமிழ் அறிவியல் நூல்கள் இட்ட பெயரே 'பால்மம்' என்பதுதான்.

பாலில் கலந்த நீர் பாவம். டீசலில் கலந்த நீர் பயனோ? அங்கே அயோக்கியத்தனம் எனப்படுவது இங்கே அறிவியல் ஆவது எங்ஙனம்? நீர் ஒன்றே, கலத்தல் ஒன்றே. அறம் மட்டும் இரண்டா?

கேலிக்காக எழுப்பிய வினா அன்று இது. ஒரு செயலை நன்று என்றும் தீது என்றும் நாம் எதைக் கொண்டு தீர்ப்பது என்ற பெரிய வினா, இந்தச் சிறிய வினாவுக்குள்ளே ஒளிந்திருக்கிறது. அதனால்தான் எஞ்சின் பற்றிய செய்தியொன்றை எடுத்துக்கொண்டு அறம் பற்றிப் பேசத் துணிகிறோம்.

நெருப்புக்குள் நீர்

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். தெரியாத பொருளைப் பற்றித் தீர்ப்புக் கூறும் வழக்கம் நம் நாட்டில் ஏற்கெனவே நிரம்ப உண்டு. அதை நாமும் வளர்க்க வேண்டியதில்லை.

ஜெர்மன் பொறியாளர் ருடால்ஃப் டீசல் 1893-இல் காப்புரிமை பெற்று, 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. சிலிண்டருக்குள் காற்றை மிக இறுக்கமாக அமுக்கினால், அது தானே கொதித்துப் போகிறது. அந்தக் கொதிக்கும் காற்றில் எண்ணெயைத் தூவினால், எண்ணெய் தானே பற்றிக்கொள்கிறது. சிக்கனமான எஞ்சின், உழைப்புக்கு அஞ்சாத எஞ்சின். லாரியும் பேருந்தும், கப்பலும் கிணற்றுப் பம்பும், மின்சாரம் நின்றால் முழங்கும் ஜெனரேட்டரும் அதன் பிள்ளைகள்.

ஆனால் அந்த உழைப்பாளி இரண்டு நஞ்சுகளைக் கக்குகிறான். தூவிய எண்ணெயின் நடுப்பகுதிக்குப் போதிய காற்றுக் கிட்டுவதில்லை. அங்கே எண்ணெய் அரைகுறையாக வெந்து கரித்துகள் ஆகிறது. கண்ணுக்குத் தெரியும் கரும்புகை அது. எரிதல் உச்சத்திலே நிகழும் இடத்தில் வெப்பம் ஆயிரத்தைந்நூறு பாகை செல்சியசையும் தாண்டிப் போகிறது. காற்றிலே நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பங்காக இருந்தும் எவரோடும் வம்புக்குப் போகாத நைட்ரஜன், அந்த வெப்பத்தில் ஆக்சிஜனோடு கூடி நைட்ரஜன் ஆக்சைடாகிறது. நுரையீரலை அரிப்பது அது. வெயிலில் பிற வாயுக்களோடு கூடி நகரத்தின் மேலே மாசுமூட்டமாய்க் கவிவதும் அது.

இவற்றுள் ஒன்றை அடக்கினால் மற்றது தலைதூக்கும். வெப்பத்தைத் தணிக்க எண்ணி, வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே அனுப்பினால் நைட்ரஜன் ஆக்சைடு குறைகிறது, கரித்துகள் கூடுகிறது. கரியை முழுதாக எரிக்க வெப்பத்தை ஏற்றினால் கரி குறைகிறது. நைட்ரஜன் ஆக்சைடு கூடுகிறது. பொறியாளர்களைப் பல காலம் அலைக்கழித்த இக்கட்டு இது.

இந்த இக்கட்டிலேதான் நீர் நுழைகிறது. எஞ்சினுக்குள் நீரைச் செலுத்திக் குளிர்விக்கலாம் என்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பெர்ட்ராம் ஹாப்கின்சன் 1913-லேயே ஆய்ந்து எழுதினார். எண்ணெய்த் துளிக்குள் நீர்த்துளியை அடைத்து எரித்தால் என்ன நேர்கிறது என்பதை 1960-களில் சோவியத் நாட்டு ஆய்வாளர்கள் இவானோவும் நெஃபெடோவும் கண்டு கூறினர். நீர் முன்னதாகவே கொதித்துவிடும்; டீசல் கொதிக்க அதைவிட வெகுவாக மிகுந்த வெப்பம் வேண்டும். எனவே, எண்ணெய்ப் போர்வைக்குள் அடைபட்ட நீர்த்துளி சட்டென்று ஆவியாகிப் போர்வையைக் கிழித்துக்கொண்டு வெடிக்கிறது. ஒரு துளி நூறு துளியாய்ச் சிதறுகிறது. சிதறிய ஒவ்வொன்றையும் காற்று தழுவுகிறது, கரி குறைகிறது. அதே வேளையில் ஆவியான நீர் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது; சுடரின் உச்ச வெப்பம் தணிகிறது; நைட்ரஜன் ஆக்சைடும் குறைகிறது. ஒன்றை விரட்டினால் மற்றொன்று வரும் என்றிருந்த இடத்தில், இரண்டும் சேர்ந்து பின்வாங்குகின்றன!

சிரிப்பு ஆய்வாகாது

இதைக் கேட்டதும் சிரிக்கத் தோன்றுகிறது, இல்லையா? "நெருப்பை அணைப்பது நீர், அதை நெருப்புக்குள்ளே ஊற்றுவதா?" என்று. அவ்வாறு சிரிக்கிறவன் தன்னைப் பகுத்தறிவாளன் என்றே எண்ணிக்கொள்கிறான். அந்தச் சிரிப்பைத்தான் நாம் ஐயுறுகிறோம். ஆராயாமல் நம்புவது மடமை என்றால், ஆராயாமல் நகைப்பதற்கு வேறென்ன பெயர்? முன்னவன் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுகிறான். பின்னவன் கண்ணை மூடிக்கொண்டு கைகொட்டுகிறான். கண் மூடியிருப்பதில் இருவரும் உடன்பிறந்தோரே!

ஆயினும் சிரிக்கிறவனுக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். அவன் ஏமாந்து பழகியவன். 1996-ஆம் ஆண்டு நினைவிருக்கிறதா? இராசபாளையம் பக்கத்திலிருந்து ஒரு செய்தி கிளம்பிற்று: தண்ணீரில் மூலிகையைப் போட்டுக் கொதிக்க வைத்தால் பெட்ரோல் கிடைக்கிறதாம்! நாடே துள்ளிற்று. படித்தவரும் மயங்கினர், பதவியில் இருந்தவரும் மயங்கினர். "நம்மவன் கண்டான்" என்ற பெருமிதம், "எப்படிக் கண்டான்" என்ற கேள்வியை விழுங்கிவிட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் ஆய்வாளர் கண்காணிப்பில் செய்து காட்டச் சொன்னபோது, அந்த விந்தை நிகழ மறுத்தது. வழக்கு நடந்தது; 2016-இல் சென்னை நீதிமன்றம் அதை மோசடி என்று தீர்ப்பளித்துத் தண்டனை விதித்தது.

பள்ளியில் படித்த வேதியியல் ஒரு வரி நினைவிருந்தால் அந்த மயக்கம் வந்திராது. நீர் என்பது என்ன? ஹைட்ரஜன் எரிந்து முடிந்தபின் எஞ்சும் பொருள். விறகுக்குச் சாம்பல் எப்படியோ, ஹைட்ரஜனுக்கு நீர் அப்படி. சாம்பலை அடுப்பில் இட்டுச் சோறு சமைத்தவர் எவரேனும் உண்டா?

இங்கேதான் இரண்டு நீரும் பிரிகின்றன. "நீர் எரியும்" என்றது மூலிகைக் கதை. "நீர் எரியாது, எரிவதைத் தணிக்கும், சிதறடிக்கும்" என்கிறது பால்மத்தின் அறிவியல். முன்னது ஒன்றுமில்லாததிலிருந்து ஒன்று தருவதாகச் சொன்னது. பின்னது ஒன்றைப் பெற ஒன்றைக் கொடுக்கச் சொல்கிறது. விலை கேட்காத வரத்தைக் கண்டால் விலகி நில்லுங்கள். தன் விலையைத் தானே சொல்லிக்கொண்டு வரும் உண்மையைக் கண்டால் உட்கார வைத்துப் பேசுங்கள்.

விலை என்ன?

கணக்குப் பார்ப்போம். எண்பது பங்கு டீசல், இருபது பங்கு நீர் என்று வைத்துக்கொள்வோம். அந்த நீரை ஆவியாக்கச் செலவாகும் வெப்பம், டீசல் தரும் மொத்த வெப்பத்தில் ஏறத்தாழ எழுபத்தைந்தில் ஒரு பங்குதான், அது பெரிதன்று. ஆனால் தொட்டியிலே ஐந்தில் ஒரு பங்கு எரியாத பொருளாயிற்றே! அதே அளவு கலவைக்கு வண்டி குறைந்த தொலைவுதான் ஓடும். மேட்டில் ஏறும்போது இழுவை தளரும். நீரும் எண்ணெயும் பிரிந்துவிடாமல் பிடித்து வைக்க, சோப்பைப் போல இரண்டையும் இணைக்கும் பொருள் வேண்டும், அதற்கும் காசு. நெடுநாள் நின்றால் நீர் பிரிந்து அடியில் தங்கும். தங்கினால் இரும்பு துருவேறும். ஒரு குடம் தண்ணீரை டீசல் தொட்டியில் ஊற்றிக் கலக்கினால் போதும் என்று எவரேனும் எண்ணினால், எண்ணியவருக்கு எஞ்சின் மிஞ்சாது.

வரவு என்ன? அமெரிக்காவிலே லூப்ரிசால் என்ற நிறுவனம் 'பியூரிநாக்ஸ்' என்ற பெயரில் இத்தகைய பால்ம டீசலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கலிஃபோர்னியாவின் காற்றுவள வாரியம் அதை 2001-இல் சரிபார்த்து ஏற்றது. நைட்ரஜன் ஆக்சைடு 14 விழுக்காடு குறைவு. துகள் மாசு பாதிக்கும் மேலே குறைவு. அதே எரிபொருளை ஆராய்ந்து அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002-இல் வெளியிட்ட அறிக்கை, எரியாத ஹைட்ரோகார்பன் கூடுகிறது என்பதையும், எரிபொருள் செலவு மிகுகிறது என்பதையும் மறைக்காமல் எழுதிற்று. நன்மை இத்தனை, தீமை இத்தனை என்று ஒரே ஏட்டில் இரண்டு பத்தி! ஆய்வு என்பதற்கு அதுவே இலக்கணம்.

எவர் கொடுப்பது? எவர் பெறுவது?

இனித்தான் நாம் பேச வந்த இடத்துக்கு வருகிறோம்.

கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சல்ஸ், லாங் பீச் என்று இரண்டு துறைமுகங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. அமெரிக்க மக்கள் வாங்கும் கடல் கடந்த சரக்கில் பெரும் பங்கு அவற்றின் வழியாகத்தான் நாட்டுக்குள் நுழைகிறது. கப்பலுக்கு டீசல், சரக்குப் பெட்டியைத் தூக்கும் எந்திரத்துக்கு டீசல், ஏற்றிச் செல்லும் லாரிக்கு டீசல். சுற்றிலும் வாழ்வோரோ பெரும்பாலும் உழைத்து உண்ணும் எளிய மக்கள். அந்த வட்டாரத்தின் காற்றை அளந்து 2000-இல் வெளிவந்த அரசு ஆய்வு, காற்றிலுள்ள நச்சுகளால் நேரக்கூடிய புற்றுநோய் ஆபத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு டீசல் துகளாலேயே வருகிறது என்று கணித்தது. டீசல் புகை மாந்தருக்குப் புற்றுநோய் தருவதே என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் ஐயத்துக்கிடமின்றி அறிவித்தது.

சரக்கு எங்கெங்கோ உள்ள வீடுகளுக்குப் போகிறது. மலிவு விலை வாங்கியவனுக்குக் கிடைக்கிறது. இலாபம் கப்பல் முதலாளிக்கும் கடை முதலாளிக்கும் சேர்கிறது. புகை மட்டும் துறைமுகத் தெருவிலேயே தங்கிவிடுகிறது! கணக்கேட்டில் ஏறாத செலவு ஒன்று இருக்கிறது, தோழர்களே. அதைத் துறைமுகத் தெருவின் குழந்தை தன் மூச்சால் கட்டிக்கொண்டிருக்கிறது.

இப்போது டீசலில் நீர் கலப்பதன் உண்மையான பொருள் விளங்கும். கலந்தால் இழப்பவன் வண்டிக்குரியவன். அவன் இழுவையை இழக்கிறான், காசை இழக்கிறான். பெறுபவனோ, அவன் முகமும் அறியாத வழிப்போக்கன்; தெருவோரம் கடை விரித்திருக்கும் கிழவி; பள்ளிக்கு நடக்கும் சிறுவன். பால்காரன் கலந்த நீரில், குழந்தை இழந்தது; பால்காரன் பெற்றான். டீசலில் கலந்த நீரில், உடையவன் இழக்கிறான்; குழந்தை பெறுகிறது. நீர் ஒன்றுதான். அது எவர் பக்கத்திலிருந்து எவர் பக்கத்துக்குப் பாய்கிறது என்பதிலேதான் அறமும் மறமும் பிரிகின்றன!

"அப்படியானால் உடையவன் மனமுவந்து கலக்கட்டுமே, ஈகை நல்லதுதானே!" என்று சிலர் சொல்வர். அங்கேதான் நாம் மாறுபடுகிறோம். பிறர் மூச்சில் நஞ்சு கலக்காதிருப்பது ஈகையா? என் வீட்டுக் கழிவுநீரை அடுத்த வீட்டு முற்றத்தில் விடாதிருந்தால், அதற்காக அடுத்த வீட்டான் எனக்குக் கைகூப்பி நன்றி சொல்ல வேண்டுமா? ஈகை என்றால் கொடுத்தாலும் கொடுக்கலாம், கொடாமலும் விடலாம். கடன் என்றால் கட்டியே தீர வேண்டும். புகை கக்குவோன் பட்டிருப்பது கடன்.

கடன் என்று ஒப்புக்கொண்டாலும், அடுத்த வினா எழுகிறது: கட்டுவது எவர்? கலிஃபோர்னியக் கதையின் பிற்பகுதி இதைக் காட்டுகிறது. அந்த இரு துறைமுகங்களும் 2008 அக்டோபரில் பழைய லாரிகளுக்கு வாயிலை அடைக்கத் தொடங்கின. 1989-க்கு முந்தியவை முதலில் விலக்கப்பட்டன. படிப்படியாகப் பிறவும் விலக்கப்பட்டன. காற்றுத் தெளியலாயிற்று. அது வெற்றி; அதைப் போற்றுகிறோம். ஆனால் புதிய லாரியின் விலை எவர் தலையில் விழுந்தது? தன் லாரியைத் தானே ஓட்டிப் பிழைத்த ஓட்டுநர்கள் பலரின் தலையில்! குடியேறி வந்த எளியவர்கள், குத்தகைக் கடனில் புதிய வண்டியை எடுத்து, நாளெல்லாம் ஓட்டியும் கடன் தீராமல் தவித்தனர். சரக்குக்கு உரிய பெரு வணிகரோ தூய காற்றைப் பற்றி மேடையில் பேசினர்.

எளியவன் மூச்சைக் காக்க மற்றோர் எளியவன் கழுத்தை நெரிப்பதா? அது சீர்திருத்தமன்று, சுமையை ஒரு முதுகிலிருந்து இறக்கி, அதே தெருவைச் சேர்ந்த மற்றொரு முதுகில் ஏற்றிய வேலை. புகையினால் எவர் செல்வம் பெருகியதோ, அவரிடமிருந்தே புகையைத் தணிக்கும் செலவும் வர வேண்டும். ஓட்டுநன் கையில் இருப்பது சக்கரம் மட்டும், இலாபம் அன்று.

அளப்பவன் முன்னே ஒரு முகம்

"சட்டம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று நம்புவோரும் உண்டு. அவர்களுக்கு 2015-ஆம் ஆண்டை நினைவூட்டுகிறோம். உலகப் புகழ் பெற்ற ஃபோக்ஸ்வாகன் நிறுவனம், தன் டீசல் கார்களில் ஒரு தந்திரத்தை வைத்திருந்தது. ஆய்வுக்கூடத்தில் தன்னை அளக்கிறார்கள் என்பதைக் காரின் கணிப்பொறியே உணர்ந்துகொள்ளும். உடனே தூய்மையாக ஓடும். சாலைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துவிடும். சட்டம் விதித்த வரம்பைப்போல நாற்பது மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடைக் கக்கும். உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் கார்களில் அந்தத் தந்திரம்! வெளிப்பட்டது எப்படி? மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் சிறு ஆய்வுக் குழுவொன்று, அளக்கும் கருவியைக் காரிலேயே ஏற்றிக்கொண்டு சாலையில் ஓட்டிப் பார்த்தது. அவ்வளவுதான். சாலையில் அளந்தனர், சாயம் வெளுத்தது. 2017-இல் அந்நிறுவனம் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

அளப்பவன் முன்னே ஒரு முகம். ஆளில்லாத சாலையில் வேறொரு முகம். நாம் அறிந்த முகங்கள்தாம்! மேடையில் சமத்துவம் பேசி, வீட்டுத் திண்ணையில் சாதி பார்க்கிறவனை நாம் கண்டதில்லையா? அவனும் ஆய்வுக்கூடத்துக் காரும் ஒரே பட்டறையில் வார்த்தவை. ஒருவன் தேர்வு நேரத்தில் எப்படி நடக்கிறான் என்பது அவன் ஒழுக்கத்தை அளக்காது. தேர்வு முடிந்தபின், எவரும் பார்க்காத நேரத்தில் அவன் புகைக்குழாயிலிருந்து வருவது எதுவோ, அதுவே அவன் ஒழுக்கம்.

அரைகுறை நன்மை

ஒரு தடையை மட்டும் இன்னும் நாம் எதிர்கொள்ளவில்லை. அது வலுவான தடை. "நீர் கலப்பது அரைகுறை வேலை. பதினான்கு விழுக்காடு குறைத்தால் மிச்சம் எண்பத்தாறு விழுக்காடு இருக்கிறதே! இப்படி ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு டீசலுக்கு ஆயுள் நீட்டிக்கொண்டே போவீர்களா? டீசலையே ஒழிக்க வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். ஒட்டுவேலையை நம்பி ஏமாந்த வரலாறு நமக்கும் உண்டாகையால், இக்கேள்வியைத் தள்ளிவிட முடியாது.

நடந்ததைப் பாருங்கள். பால்ம டீசல் சில ஆண்டுகளே அமெரிக்கச் சந்தையில் நின்றது. அதைவிட நல்ல வழி வந்தது. டீசலிலிருந்து கந்தகத்தை ஏறக்குறைய முழுதாக நீக்கினர். அதனால் புகைக்குழாயில் வடிகட்டி பொருத்த முடிந்தது. பின்னர் யூரியாக் கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடை மீண்டும் வெறும் நைட்ரஜனாக்கும் முறை வந்தது. இந்தியாவிலும் 2020 ஏப்ரல் முதல் நாளிலிருந்து பாரத் ஸ்டேஜ் ஆறு விதிகளின்படி புதிய டீசல் லாரிகள் அவ்வாறே வருகின்றன. அந்தக் கரைசலில் நூற்றுக்கு முப்பத்திரண்டரைப் பங்கு யூரியா, மிச்சமெல்லாம் நீர்! எரியும் அறைக்குள் நுழைந்த நீர், இப்போது புகைக்குழாயில் வேலை செய்கிறது. பெரிய கப்பல் எஞ்சின்களிலோ, எரிபொருளோடு நீர் கலக்கும் முறை இன்றும் கையாளத்தக்க வழிகளுள் ஒன்றாக நிற்கிறது.

எனவே, நீர் கலப்பது இறுதி வழி அன்று என்பதை ஒப்புகிறோம். ஆனால் ஒன்று கேட்கிறோம்: இறுதி வழி வரும்வரை துறைமுகத் தெருவின் குழந்தை மூச்சை நிறுத்தி வைத்திருக்குமா? 2001-லே பிறந்த குழந்தைக்கு, "பொறு; 2008-இல் நல்ல லாரி வரும்; அதுவரை மூச்சு விடாதே" என்று எவர் சொல்ல முடியும்? முழு நன்மையைக் காட்டி, கைக்கெட்டும் அரை நன்மையை மறுப்பவர்கள் பெரும்பாலும் புகை எட்டாத மாடியில் வாழ்கிறவர்கள்!

அரை நன்மையை ஏற்போம், ஒரு நிபந்தனையோடு. அரையை அரை என்றே சொல்ல வேண்டும். அரையைக் காட்டி, "முழுதும் கொடுத்துவிட்டோம், இனி வாய் திறவாதே" என்று சொல்லும் கணத்தில், அது மீண்டும் பாலில் கலந்த நீராகிவிடுகிறது. குறைந்த அளவைக் கொடுத்து நிறைந்த விலையை, அதாவது நம் மௌனத்தை, வாங்கிக்கொள்ளும் பால்காரத் தந்திரம் அது. அரை நன்மையைக் கையில் வாங்கிக்கொள். மறுகையை நீட்டியே வை!

இளந்தோழர்களே! இனிமேல் எவரேனும் உங்கள் முன்னே வந்து, "இதில் இதைக் கலந்தால் நன்மை" என்று சொன்னால் – அது எரிபொருளாக இருக்கலாம், மருந்தாக இருக்கலாம், சட்டமாகவோ திட்டமாகவோ இருக்கலாம் – உடனே கும்பிடவும் வேண்டாம். உடனே நகைக்கவும் வேண்டாம். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கலந்ததைச் சொல்லிக் கலந்தாயா? ஆய்வுக்கூடத்தில் அளந்ததைத் தெருவிலும் அளந்தாயா? இதில் இழப்பவர் எவர், பெறுபவர் எவர்? முதற்கேள்வி பொய்யனை விரட்டும். இரண்டாவது கேள்வி போலியை விரட்டும். மூன்றாவது கேள்விக்குத்தான் பெரிய மனிதர்கள் பலர் விடை சொல்லாமல் நழுவுவர். நழுவ விடாதீர்கள்.

விடியற்காலையில் செம்போடு நின்ற தாய் அந்த மூன்று கேள்விகளையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டாள். "குழந்தை குடிக்கிற பாலப்பா, இதிலுமா?" என்றாள். குழந்தை பாலை மட்டுமா குடிக்கிறது? காற்றையும் குடிக்கிறது. பால் வாங்காத நாள் உண்டு. மூச்சு வாங்காத நொடி இல்லை. பாலுக்காகக் கேட்ட அந்தத் தாயின் குரலிலேயே காற்றுக்காகவும் கேட்போம்:

"குழந்தை சுவாசிக்கிற காற்றப்பா, இதிலுமா?"